கண்ணுக்குத் தெரியாத கிராணி

(சென்ற ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் ஆற்றிய உரை. பெற்றோர் பலர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க இம்மலரில் இடம்பெறுகிறது.)

 

பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுவது வழக்கம். அதை உங்கள் ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஈப்போவில் அச்சுத் தொழில் பார்த்து வயதானவன். என் தொழிலை ஒட்டி, நம் வீட்டுப் பிள்ளைகளைப் பாதிக்கக்கூடிய ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நான் தொழில் பழகிய நாளில் ஒரு பள்ளி மலர் போடுவதென்றால், ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அச்சுக் கோக்க வேண்டும். புரூப் எடுத்துத் தலைமையாசிரியரிடம் கொண்டு போவோம். அவர் சிவப்பு மையால் திருத்திக் கொடுப்பார். மலர் அச்சானதும் எழுத்துகளைக் கலைத்து, அறை அறையாகப் பிரித்துப் போட்டுவிடுவோம். யார் எந்தக் கட்டுரையை எத்தனை முறை திருத்தினார் என்பது அந்த நான்கு சுவருக்குள்ளேயே முடிந்து போகும்.

இன்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையே ஒரு மணி நேரத்தில் வண்ண வண்ணமாக விளம்பரத் தாள் செய்து விடுகிறாள். கான்வா என்று ஒரு செயலி. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இலவசம். கல்வி அமைச்சு 2020-இல் தொடங்கிய டெலிமா தளத்தின் மின்னஞ்சல் முகவரி நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அதைக் கொண்டே இதனுள் நுழைகிறவர்கள் பலர்.

இந்தக் கான்வாவின் கதையைக் கேளுங்க. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் மெலனி பெர்க்கின்ஸ் என்ற பெண், 2007-இல் தன் தாயார் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு தொழிலைத் தொடங்கினார். என்ன தொழில் தெரியுமா? பள்ளி மலர் தயாரிப்பதற்கான மென்பொருள்! அதிலிருந்து வளர்ந்ததுதான் 2013-இல் வெளிவந்த கான்வா. அவருடைய தந்தையார் மலேசியர். இலங்கை, பிலிப்பைன்ஸ் பூர்வீகம் உடைய பொறியியலாளர். ஆகவே இது நமக்கு முற்றிலும் அந்நியமான கதை அல்ல. நம் பிள்ளைகளும் இப்படி ஒன்றை உருவாக்கலாம் என்பதற்கே முதலில் இதைச் சொன்னேன்.

இனி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தச் செயலியில் பிள்ளை செய்கிற படம் எங்கே இருக்கிறது? அவளுடைய கைப்பேசியில் இல்லை. பள்ளிக் கணினியிலும் இல்லை. எங்கோ தொலைதூரத்தில், அந்த நிறுவனம் பயன்படுத்தும் பெரிய கணினிக் கூடத்தில் இருக்கிறது. இதைத்தான் 'கிளவுட்', மேகம் என்கிறார்கள். பெயர்தான் மேகம், உண்மையில் அது இன்னொருவருடைய கணினி. நாம் அவர்கள் வீட்டு மேசையில் அமர்ந்து, அவர்கள் தாளில், அவர்கள் கண் முன்னே எழுதுகிறோம். அதனால் நாம் எழுதியதை மட்டுமல்ல, எழுதிய விதத்தையும் அவர்களால் குறித்துக்கொள்ள முடியும்.

தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது எளிதாக விளங்கும். விடியற்காலையில் பெரட்டில் பேர் கூப்பிடுவார்கள். மரம் வெட்டி, பால் எடுத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு நிறுவைக்கு வருவோம். கிராணி நிறுத்துப் பார்ப்பார். அதோடு விடமாட்டார். மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார். எல்லாம் புத்தகத்தில் ஏறும். யார் வந்தார், யார் வரவில்லை, யாருடைய நிரையில் பால் குறைகிறது என்பதெல்லாம் செக்ரோலைப் பிரித்தால் துரைக்குத் தெரிந்துவிடும்.

மேகத்தில் இயங்கும் செயலிகளிலும் ஒரு கிராணி உண்டு. அவர் எழுதும் கணக்குக்கு 'அனலிட்டிக்ஸ்' என்று பெயர். இத்தகைய செயலிகளில் பொதுவாகக் குறிக்கப்படுபவை என்னென்ன? எந்த வகைக் கைப்பேசி, திரையின் அளவு என்ன, சுமாராக எந்த ஊர், எத்தனை மணிக்குத் திறந்தார், என்ன சொல்லைத் தேடினார், எந்தப் பொத்தானை அழுத்தினார், எந்த இடத்தில் தயங்கினார், எப்போது வெளியேறினார்... இவ்வளவும் குறிக்கப்படலாம். கூகுள் நிறுவனம் 2005-இல் கூகுள் அனலிட்டிக்ஸை இலவசமாகவே வெளியிட்டது. அதற்குப் பிறகு சின்னக் கடைக்காரர் முதல் பெரிய நிறுவனம் வரை எல்லாரும் இந்தக் கணக்கை எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

மறுநாள் அதே ஆள் வந்தால் அடையாளம் தெரிய வேண்டுமே? அதற்கு ஒரு குறி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் டோபி நம் சட்டைக் காலரின் உட்புறத்தில் மையால் ஒரு குறி போடுவார், நினைவிருக்கிறதா? நூறு சட்டைக்கு நடுவில் இது இன்னார் வீட்டுச் சட்டை என்று அவருக்குத் தெரியும். அதுபோல நம் கருவியில் போடும் குறிக்குக் 'குக்கி' என்று பெயர். 1994-இல் லூ மான்டுல்லி என்ற அமெரிக்கர் இதை உருவாக்கினார். பெயரைக் கேட்டுத் தின்பண்டம் என்று நினைத்துவிடாதீர்கள், பிள்ளைகளே!

கணக்கு எழுதுவதே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. எந்தப் பொத்தான் மக்களுக்கு விளங்கவில்லை, எங்கே செயலி நின்றுபோகிறது என்று தெரிந்தால்தானே சரிசெய்ய முடியும்? நிறுவை இல்லாத தோட்டமும் கிடையாது. ஆனால் பழைய கிராணிக்கும் இந்தப் புதிய கிராணிக்கும் மூன்று வேறுபாடுகள் உண்டு.

முதலாவது, பழைய கிராணி நம் கண்ணெதிரே நிறுத்தார். தராசு முள்ளை நாமும் பார்த்தோம். குறைவாக எழுதினால், "ஐயா, இன்னொரு தடவை பாருங்க" என்று கேட்க ஒரு முகம் இருந்தது. புதிய கிராணியின் முகமும் தெரியாது, தராசும் தெரியாது.

இரண்டாவது, பழைய செக்ரோல் தோட்ட ஆபீசைத் தாண்டிப் போகவில்லை. இப்போதோ, ஒரு நிறுவனம் தன் பக்கத்தில் இன்னொரு நிறுவனத்தின் கணக்குப்பிள்ளையை உட்கார வைக்கிறது. அதே கணக்குப்பிள்ளை ஆயிரக்கணக்கான மற்ற இடங்களிலும் உட்கார்ந்திருக்கிறார். இங்கே எழுதியதையும் அங்கே எழுதியதையும் அவரால் சேர்த்துத் தைக்க முடியும்.

மூன்றாவது, பழைய கிராணியின் புத்தகம் வேலை நேரத்தோடு மூடப்பட்டது. லயத்துக்குத் திரும்பிய பிறகு நாம் அழுதோமா, சிரித்தோமா என்று அவர் எழுதவில்லை. இப்போது பாருங்கள். ஒரு வீட்டில் ஒரே மாதத்தில் மூன்று படிவங்களைத் தேடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: கருமக்கிரியை அழைப்பு, வேலை விண்ணப்பம், வீட்டுச் சாமான் விற்பனை. அந்தக் குடும்பத்தில் என்ன நடந்தது என்று வேறு யாரும் சொல்ல வேண்டுமா? வாய் திறந்து யாரிடமும் சொல்லாத துயரத்தை அந்த மூன்று சொற்கள் சொல்லிவிட்டன.

"இலவசமாகக் கொடுக்கிறான், இதிலெல்லாம் கணக்குப் பார்க்கலாமா?" என்று சிலர் கேட்பார்கள். தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பழமொழி இருக்கிறது. சரிதான். ஆனால் இந்த மாடு நம் பல்லை எண்ணிக்கொண்டிருக்கிறதே, அதற்கு என்ன செய்வது?

எழுதிய கணக்கு பத்திரமாக இருக்குமா என்பது அடுத்த கேள்வி. 2019 மே 24-ஆம் நாள் கான்வாவின் கணினிக்குள் திருடர்கள் புகுந்தார்கள். ஏறக்குறைய 13 கோடியே 90 இலட்சம் பேருடைய விவரங்கள் அகப்பட்டன. பெயர், மின்னஞ்சல், சிலருடைய ஊர் எல்லாம் போயின. கடவுச்சொற்கள் குழப்பிய வடிவத்தில்தான் இருந்தன. இருந்தும் 2020 ஜனவரியில், சுமார் 40 இலட்சம் கணக்குகளின் கடவுச்சொற்கள் உடைக்கப்பட்டுத் திருடர்கள் கையில் உலவுவது தெரியவந்தது. அந்த நிறுவனம் திருட்டை மறைக்கவில்லை, மக்களுக்கு அறிவித்தது. அது பாராட்டத்தக்கது. ஆனாலும் போனது போனதுதான்.

நம் நாட்டிலும் நடக்காமல் இல்லை. 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்களின் விவரம் வெளியே கசிந்தது 2017-இல் தெரியவந்தது. நாட்டின் மக்கள் தொகையைவிட அது அதிகம்! "போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பேசுகிறோம், உங்கள் பேரில் வழக்கு இருக்கிறது" என்று யாரோ அழைத்து, வயதான அம்மாமார்களைப் பயமுறுத்திப் பணம் பறிக்கிறார்களே, அவர்களுக்கு நம் பெயரும் எண்ணும் வானத்திலிருந்தா விழுந்தன? இப்படிக் கசிந்த விவரங்களே இத்தகைய திருடர்களுக்கு முதல். அப்படி யாராவது ஏமாற்றினால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தேசிய மோசடித் தடுப்பு மையத்துக்காக 2022-இல் வைத்த எண் அது.

திருட்டு ஒரு பக்கம். நாம் செய்த படத்தை நிறுவனமே என்ன செய்கிறது என்பது இன்னொரு பக்கம். அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் அடோபி நிறுவனத்தை அறிவார்கள். மேகத்தில் சேமித்த படங்களை அதன் இயந்திரங்கள் ஆராய்ந்து பார்க்க, பயனரின் அனுமதி ஏற்கெனவே 'ஆம்' என்று குறித்து வைக்கப்பட்டிருந்தது 2023 ஜனவரியில் பேசுபொருளானது. சொந்தக் கணினியிலேயே வைத்திருக்கும் படத்துக்கு அது பொருந்தாது, மேகத்தில் வைத்ததற்கு மட்டும்தான். 2024 ஜூனில் அதே நிறுவனத்தின் ஒப்பந்த வாசகத்தைப் படித்த ஓவியர்கள் கொதித்தெழுந்தார்கள். உங்கள் படங்களைக் கொண்டு படம் வரையும் இயந்திரங்களைப் பழக்கமாட்டோம் என்று அந்த மாதத்திலேயே நிறுவனம் வாசகத்தைத் திருத்தி எழுதியது. படித்தவர்கள் கேட்டார்கள், வாசகம் மாறியது. இதை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபிக்மா என்ற இன்னொரு வடிவமைப்புச் செயலி. 2024 ஆகஸ்ட் 15 முதல், பயனர்களின் வேலைகளைக் கொண்டு தன் இயந்திரங்களைப் பழக்கலாம் என்று அறிவித்தது. வேண்டாம் என்பவர்கள் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ பயன்படுத்துபவர்களுக்குச் 'சம்மதம்' என்பது முன்பே குறிக்கப்பட்டிருந்தது. அதிகக் கட்டணம் கட்டும் பெரிய நிறுவனங்களுக்குச் 'சம்மதமில்லை' என்பது முன்பே குறிக்கப்பட்டிருந்தது. இருப்பவன் சும்மா இருந்தாலே அவன் கதவு மூடியிருக்கும். இல்லாதவன்தான் எழுந்து போய் மூட வேண்டும். இது நமக்குப் பழகிய நியாயந்தானே!

வேறு விதமாகவும் தொழில் நடத்த முடியும். தமிழ்நாட்டில் ஸ்ரீதர் வேம்பு தலைமையில் வளர்ந்த ஜோஹோ நிறுவனம், தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலும் அலுவலகம் வைத்திருக்கிறது. அவர்களும் மேகத்தில் இயங்கும் மென்பொருளைத்தான் விற்கிறார்கள். ஆனால் பிற நிறுவனங்களின் கணக்குப்பிள்ளைகளைத் தங்கள் இணையப் பக்கங்களிலிருந்து அகற்றிவிட்டதாக அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிரம்பாத பிள்ளையின் விவரத்துக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்று அதன் விதிமுறை சொல்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும் உரிமை உண்டு. 2024-இல் திருத்தினார்கள். 2025 ஜூன் முதல், விவரம் கசிந்தால் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். பெருந்தீங்கு நேரக்கூடுமானால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும். ஆனால் இந்தச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்குத்தான். மத்திய, மாநில அரசாங்கங்களை அது கட்டுப்படுத்தாது.

அந்தச் சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் விவரத்தை எதற்காக வாங்குகிறோம் என்ற அறிவிப்பைத் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் கொடுக்க வேண்டும். தமிழில் கொடுக்க வேண்டும் என்று இல்லை. அப்படியானால், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தாய் எதைப் படித்துச் சம்மதம் கொடுப்பாள்?

பெற்றோர்களே, இங்குதான் என் மனம் கனக்கிறது. நம் முன்னோர்கள் இந்த நாட்டுக்கு எப்படி வந்தார்கள்? நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறுமுன் ஒரு தாளை நீட்டினார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாமலேயே கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தவர்கள் எத்தனையோ பேர். எத்தனை வருடம், எவ்வளவு கூலி, எவ்வளவு கடன் என்பது கரை சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அந்த ஒப்பந்த ஆள்சேர்ப்பு 1910-இல் நின்றது. கங்காணி முறையும் 1938-இல் முடிந்தது. தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. கொட்டகையோ, ஓலைக் குடிசையோ, ஒரு தமிழ்ப்பள்ளி வந்தது. எதற்காக? இனி நம் பிள்ளை எதிலும் படிக்காமல் கைநாட்டு வைக்கக்கூடாது என்பதற்காக.

இன்று அதே பிள்ளை, கணினித் திரையில் 'ஐ அக்ரீ' என்று நீல நிறத்தில் ஒரு பொத்தானைப் பார்த்ததும், ஒரு வரிகூடப் படிக்காமல் அழுத்துகிறான். இது புதிய கைநாட்டு அல்லாமல் வேறென்ன? முன்னோர்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. நமக்குத் தெரிந்தும் படிக்கவில்லை. எது பெரிய குறை?

அதற்காகக் கணினியை மூடிவைக்கச் சொல்லவில்லை. கான்வா வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தாராளமாகப் படம் செய்யுங்கள். ஆனால் சிலவற்றைக் கைக்கொள்ளுங்கள்.

நற்சான்றிதழ் செய்யும்போது பிள்ளையின் அடையாள அட்டை எண்ணை முழுமையாகப் போடாதீர்கள். அது வெறும் எண் அல்ல. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம்; பேராக்கில் பிறந்தவர்களுக்கு 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். கடவுச்சொல்லை மாற்றலாம், இந்த எண்ணைச் சாகும்வரை மாற்ற முடியாது. நாற்பது பிள்ளைகளின் எண்ணோடு ஒரு சான்றிதழ்க் கோப்பைச் செய்து, 'லிங்க் கிடைத்தவர் எவரும் பார்க்கலாம்' என்று வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால், அந்த லிங்க் எந்த ஊருக்குப் போய்ச்சேரும் என்று யாருக்குத் தெரியும்? அழைத்தவர் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். வேலை முடிந்ததும் கோப்பை நீக்கிவிடுங்கள். நாங்கள் ஈய எழுத்தைக் கலைத்துப் போட்டோமே, அதுபோல.

செயலிக்குள் 'செட்டிங்ஸ்' என்ற இடத்தில் பெரும்பாலும் 'பிரைவசி' என்று ஒரு பகுதி இருக்கும். ஆசிரியரோடு அமர்ந்து ஒருநாள் அதை முழுதும் படியுங்கள். முன்பே 'சம்மதம்' என்று குறித்திருப்பவற்றில் தேவையற்றதை நிறுத்துங்கள். குக்கிக்கு அனுமதி கேட்டால், அவசியமானது போதும் என்று சொல்லுங்கள். ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் வைக்காதீர்கள். ஒரு சாவி தொலைந்தால் எல்லாக் கதவும் திறந்துவிடும். பொதுக் கணினியிலிருந்து எழுந்திருக்குமுன் கணக்கை விட்டு வெளியேறுங்கள். பிள்ளையின் முகம், முழுப் பெயர், வகுப்பு, வீட்டு முகவரி நான்கையும் ஒரே படத்தில் சேர்க்காதீர்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை "அம்மா, உங்க போன் நம்பரைக் கேட்குது, போடவா?" என்று கேட்டால், "போடு" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். "எதுக்குக் கேட்கிறான்னு படிச்சுச் சொல்லு" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். மூன்று மொழிகளை இந்தப் பள்ளி உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. சட்டம் நம் தாய்மார்களுக்குத் தமிழில் அறிவிப்புத் தராவிட்டாலும், நீங்கள் தர முடியும். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருப்பதைப் படித்து, "அம்மா, இதுல இப்படி எழுதியிருக்கு. இது நமக்கு வேணுமா, வேணாமா?" என்று தமிழில் சொல்லுங்கள். இன்று நீங்கள் மேடையில் வாங்கும் கோப்பைக்கு அதுவே உண்மையான பொருத்தமாக இருக்கும்.